மாத்திரையும் மூடி வைத்த சோறும்

எங்கள் வீட்டு மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். மூடியில் ஒரு குதிரை ஓடுகிற படம். கால் பக்கம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால் குதிரை இப்போது காற்றில் நிற்கிறது. டின்னுக்கு இடம் அடுக்களையும் இல்லை, படுக்கிற அறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தண்ணீர்க் கூஜா வைக்கிற பலகைதான். மாத்திரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் தூரம் இருந்தால் மனிதன் போகிற வழியிலேயே மறந்துவிடுவான் என்பது என் வீட்டுக்காரரின் எண்ணம். அவர் கொச்சியில், கொச்சங்காடியில் சாக்குக் கடை வைத்திருந்தவர். மிளகும் சுக்கும் அடைக்கிற பண்டகசாலைகளுக்குப் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்துக் கொடுக்கிற வியாபாரம். எது எதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு.

மாத்திரை அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது. தமிழ் மட்டும் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதால் பாதிப் பெயர்தான் நம் கைக்கு வரும், படித்தவர்களுக்கும் அது பெரிதாக உதவாது. நான் நிறத்தையும் உருவத்தையும் வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். பிரஷர் மாத்திரை ரோஸ் நிறம், சட்டைப் பித்தானைவிடச் சிறியது. சர்க்கரை மாத்திரை இரண்டு வகை. ஒன்று படகு போல நீளம், வெள்ளை. இன்னொன்று சின்னப் பச்சை. இந்தப் பச்சைதான் பொல்லாதது என்று பிற்பாடு தெரிந்தது. பார்க்க அது ஏலக்காய் விதையைப் போலத்தான் இருக்கும்.

மாத்திரை போடுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. எனக்கு வெறுந்தண்ணீரில் இறங்காது. முதலில் இரண்டு மடக்குச் சாயா குடித்துத் தொண்டையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். காப்ஸ்யூல் என்றால் பழத் துண்டுக்குள் புதைத்துத்தான் விழுங்குவேன். அவர் அப்படி இல்லை. மாத்திரையை நாக்கின் நடுவில் வைத்து, கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி தலையை மேலே தூக்குவார். காப்ஸ்யூலுக்கு மட்டும் தலையைக் குனிவார். அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

"குளிகை கனம், தண்ணியில முங்கும். காப்ஸ்யூல் காத்தடைச்ச சாமானு, மிதக்கும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி கழுத்தைத் தூக்கினா எப்படிப் புள்ளே?"

"டாக்டரு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"தோணியில சாக்கு ஏத்தினவனுக்கு டாக்டரு சொல்லணுமா?"

எங்கள் பின்முற்றத்துக்கு அந்தப்புறம் மாடி வீட்டில் ஒரு விதவை இருக்கிறார். மலையாளக்காரர், எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துதான். நான் அவரை அக்கா முறையில் இத்தா என்று கூப்பிடுவேன். இத்தா காலை, பகல், இரவு என்று பிரிப்பதே இல்லை. எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, கஞ்சித் தண்ணீரோடு ஒரே விழுங்கு. "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒரே பாத்திரம் தானே மோளே" என்பார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அரிசிச் சாக்கைத் தனியே இழுத்து வைக்கிறார்.

எங்களுக்கு ஒரே மகள். காக்கநாட்டில் கம்பெனி வேலை, அங்கேயே மாப்பிள்ளையோடு இருக்கிறாள். அவள் அத்தாவுக்குச் சர்க்கரை ஏறி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு, மாத்திரை விஷயத்தை அவள் தன் கையில் எடுத்துக்கொண்டாள். என் போனில் மூன்று வேளைக்கும் மணியடிக்க வைத்துக் கொடுத்தாள். பகல் வேளைக்கு மட்டும் அவளே வீடியோவில் வருவாள். ஆபீஸில் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் அது.

"அத்தா, மாத்திரையைக் காமிங்க."

அவர் போனுக்கு நேராகப் பிடிப்பார்.

"வாயில போடுங்க. தண்ணி குடிங்க. இப்ப வாயைத் திறங்க. ஆ. நாக்கைத் தூக்குங்க."

"இந்தா, நல்லாப் பாத்துக்கோ. துறமுகத்துல சாக்கைக் கவுத்துக் காட்டுற மாதிரி காட்டுறேன். கள்ளச் சாமான் ஒண்ணும் இல்லை."

அவள் அங்கே சிரிப்பாள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். போனில் முகம் காட்டுவது இப்போதும் எனக்குக் கூச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய நோன்பு மாதம் வருவதற்கு முன்னால் பள்ளுருத்தியில் இருக்கிற டாக்டரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுவார். இவர் பயந்துகொண்டேதான் கேட்டார்.

"டாக்டரே, நோன்பு வருது."

"நோன்பு வேண்டா."

"ஒண்ணு விட்டு ஒண்ணு?"

"வேண்டா இக்கா. ஒண்ணும் வேண்டா. நிங்ஙளுக்கு இளவு உண்டு, எனிக்கும் அறியாம்."

நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு, அது தனக்கும் தெரியும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பிறகு அந்தப் பச்சை மாத்திரையின் அட்டையை எடுத்து இவர் முன்னால் வைத்து விரலால் தட்டினார். இதைப் போட்டால் அரை மணிக்குள் சோறு வயிற்றில் இருக்க வேண்டும் என்றார். இது சர்க்கரையை இழுத்துக் கீழே இறக்கும், இறக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் ஆளையே கீழே இறக்கிவிடும். தின்னாமல் இருப்பதாக இருந்தால் இதைப் போடாதீர்கள், இதைப் போட்டால் தின்னாமல் இருக்காதீர்கள். மலையாளத்தில்தான் சொன்னார், நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டேன். என்னைப் பார்த்தும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். டாக்டர்களிடம் நான் வாய் திறந்து பேசியதில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். பாலம் ஏறும்போது இவர், "பத்து வயசுல நோன்பு பிடிக்கத் தொடங்கினது" என்று மட்டும் சொன்னார்.

நோன்புக்கு ஈடாக ஏழை வீட்டுக்கு அரிசி கொடுத்து அனுப்பினோம். முறைப்படி செய்ய வேண்டியது அவ்வளவுதான். அவர் மனதுக்கும் அது போதும் என்று நினைத்தேன்.

அந்த மாதத்தில் எங்கள் சந்து எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பகலில் ஒரு வீட்டிலும் தாளிக்கிற சத்தம் கேட்காது. சாயாக்கடை வாசலில் துணி கட்டி மறைத்திருப்பார்கள். பால்பல் விழாத பிள்ளைகள் கூட, "எனிக்கும் நோன்பு" என்று வெளுத்த உதட்டைக் காட்டிக்கொண்டு திரிவார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் அடுத்த வீட்டில், என்ன விழுந்தது என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், தாடி நரைத்த மனிதர் நட்டநடுப் பகலில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவருக்கு அது உடம்பைக் கூசவைக்கிற காரியமாக இருந்தது.

மாத்திரையில் அந்தக் கூச்சம் இல்லை. மாத்திரை மருந்து. மருந்து தின்கிறவனைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், அல்லாவும் குறைப்பட்டுக்கொள்ளமாட்டான். சோறு அப்படியா? சோறு சோறுதான். அவர் இப்படிப் பிரித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் அந்தச் சந்துக்காரிதானே.

முதல் நாள் பகலில் மீன் பொரிக்க எடுத்தேன். அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"மீன் வேண்டாம் புள்ளே. மணம் வெளியே போகும்."

"அப்ப என்ன செய்ய?"

"ராத்திரி பாக்கி உள்ளது போதும். சூடாக்கக் கூட வேண்டாம்."

தயிர் விட்டுப் பிசைந்த சோறு, இல்லாவிட்டால் முந்தின இரவு வைத்த பருப்பு. மணமில்லாத சாப்பாடாகப் பார்த்துத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, பின்புறத்து அறைக்குக் கொண்டுபோவேன். அங்கே ஒரு கட்டில், பழைய சாக்குக் கட்டு ஒன்று, பின்முற்றத்தைப் பார்த்த சின்ன ஜன்னல். தட்டைக் கட்டிலில் வைப்பேன், பக்கத்தில் தண்ணீர் வைப்பேன். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். நோன்பு வைத்திருக்கிற நான் எதிரில் நின்றால் அவருக்கு உருண்டை இறங்காது என்று நினைத்தேன். அவருக்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு காலியாக அடுக்களைக்கு வரும். அவரே கழுவிக் கொண்டுவந்து வைப்பார். கல்யாணமான நாள் முதல் தட்டுக் கழுவாத மனிதர். வயதான காலத்தில் இந்த அளவுக்கு மாறிவிட்டாரே என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

காலையிலும் அதே கதைதான். காலை மாத்திரை போட்டதும் சாயாவும் இரண்டு ரஸ்க்கும் உள்ளே போகும். கிளாசும் தட்டும் காலியாக வெளியே வரும்.

பகலில் மகள் போனில் வருவாள். மாத்திரை காட்டு, வாயைத் திற, நாக்கைத் தூக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் ஒரு வேளை கூட மாத்திரையை விடவில்லை. டாக்டர் சொன்ன பேச்சைத் தட்டாதவர் என்று மகள் தோழிகளிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாளாம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவரிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. பகல் சாய்ந்தால் கை நடுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்த்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. கூஜாவை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டேன் என்று ஒரு நாள் கத்தினார், பிறகு அது நினைவே இல்லாதவர் மாதிரிப் படுத்துத் தூங்கிவிட்டார். பிற்பகல் அசர் தொழுகைக்கு எழுப்பினால் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழிப்பார்.

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. அப்போது ஏன் விளங்கவில்லை என்றால், அந்த மாதத்தில் சாயங்காலம் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். எனக்கும் கை நடுங்கியது. இத்தாவுக்கும் தலை சுற்றியது. சந்தில் ஆண்கள் சின்னக் காரியத்துக்கெல்லாம் சண்டை போட்டார்கள். வெயில் வேறு. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போனால் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். அவருக்கும் வந்தது. நோன்பு திறக்கிற பாயில் என்னோடும் அன்றன்று வருகிற அக்கம்பக்கத்தாரோடும் உட்கார்ந்து, எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டு, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"நோன்பு பிடிக்காத ஆளுக்குப் பசியைப் பாரு" என்று ஒரு நாள் இத்தா சீண்டினார். அன்றைக்குக் கஞ்சி கொண்டு வந்தவர் எங்களோடேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, "நான் துணைக்குப் பசிக்கிறேன் இத்தா" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்தது இன்றைக்கும் காதில் கேட்கிறது. உள்ளதைத்தான் சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடியுமுன்னே சஹருக்கு நான் எழுந்தால் அவரும் எழுவார். சாப்பிடுவார். "நீங்க எதுக்கு முழிக்கிறீங்க, படுங்க" என்றால், "பழக்கம்" என்பார். ஆக விடியலில் ஒரு சாப்பாடு, பொழுது சாய்ந்து மக்ரிபுக்கு ஒரு சாப்பாடு. நடுவில் காலை மாத்திரை, பகல் மாத்திரை, இரண்டிலும் அந்தப் பச்சை. இன்று நோன்பு என்று மனதில் நிய்யத்து வைக்காததால் அது நோன்பும் இல்லை. தின்னாததால் டாக்டர் சொன்னதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் தனியாக நின்றார்.

மாதம் பாதி கழிந்த ஒரு நாள், அசர் பாங்கு கேட்டு எழுப்பப் போனேன். பின்புறத்து அறைக் கட்டிலில் கிடந்தார். சட்டை பிழிகிற அளவுக்கு ஈரம். குறட்டை போல ஒரு சத்தம், ஆனால் குறட்டை இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் பாதி திறந்தது, பார்வை இல்லை. நான் ஜன்னல் வழியாக, "இத்தா, இத்தா" என்று கத்தினேன். வாழ்க்கையில் சந்து கேட்க நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

இத்தா ஓடி வந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கட்டுமா என்று இத்தா கேட்டார். சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரையா என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் போனது. அதற்குள் சந்தில் இருந்த ஆண்கள் வந்து அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி நுனியால் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "உம்மா, இதேஹம் எப்போளா பக்ஷணம் கழிச்சது?" என்று இவர் சாப்பிட்ட நேரத்தைக் கேட்டாள்.

"உச்சைக்கு" என்றேன். "சோறு. தட்டு நிறைய."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்களோ என்று அப்போது எனக்கு அழுகை வந்தது. அவர் சாப்பிட்டது உறுதி என்று மறுபடியும் சொன்னேன். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாரோ தெரியவில்லை, மூளைக்கு அது தாங்காது என்று மகளிடம் விவரமாகச் சொன்னார்கள். அவள் காக்கநாட்டிலிருந்து ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் போட்டபடியே வந்திருந்தாள்.

"அம்மா, மாத்திரை ரெண்டு தடவை போட்டுட்டாரா?"

"இல்லம்மா. நீயே பாத்தியே."

"அப்ப சாப்பிடலையா?"

"சாப்பிட்டாரு. தட்டை நான் பாத்தேன்."

காலித் தட்டைத்தான் நான் பார்த்திருந்தேன்.

அவர் கண் விழித்து, ஆனால் யாரையும் சரியாக அடையாளம் தெரியாமல் படுத்திருந்த நாட்களில், துணி மாற்றி எடுத்துப்போக ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். இத்தா கூடவே வந்தார். பின்முற்றத்தில் பூனைகள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே.

"பாவம், இக்காவைத் தேடுது" என்றார் இத்தா.

"இவரை எதுக்குத் தேடுது?"

"உச்சைக்கு இக்கா சோறு போடும் இல்லே? இந்த ஜன்னல் வழியா. மேலே இருந்து நான் தினமும் பார்க்கும். நான் நினைச்சு, நோன்பு மாசம் அல்லே, வாயில்லாத ஜீவனுக்குக் கொடுத்தா கூலி உண்டுன்னு கொடுக்கிறார்னு. தன் தட்டுல இருந்து, முழுசும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். ரஸ்க்கும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் உலர்ந்த பருக்கை ஒட்டியிருந்தது. இத்தாவைக் கூப்பிட்ட அந்த ஒரு தடவை தவிர, அந்த மாதத்தில் நான் அந்த ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

மகளிடம் சொன்னேன்.

"நாக்கு அடியில வரைக்கும் பாத்தேனே அம்மா" என்றாள். "தட்டைக் காட்டுங்கன்னு ஒரு தடவை சொல்லல பாருங்க."

அவளை என்ன குறை சொல்ல? அவள் வீடியோவை வைத்த பிறகுதான் நான் தட்டைக் கொண்டுபோவேன். எங்கள் எல்லோருக்கும் மாத்திரைதான் காரியமாக இருந்தது. சோறு என்ன, சோறு எப்படியும் நடக்கிற ஒன்று. அந்த மாதத்தில் மட்டும் அது எப்படியும் நடக்காது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மனதில் கிடந்து அறுப்பது வேறொன்று. நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கமே கிடையாது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் சாப்பிடுவேன், அதுதான் எங்கள் வீட்டு நடப்பு. நோன்பு திறக்கிற பாயில் மட்டும் வருஷத்துக்கு ஒரு மாதம் பக்கத்தில் உட்காருவேன். ஆகவே ஒரு மனிதருக்குச் சாப்பிடத் துணை வேண்டும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கும் பிரஷர் மாத்திரை உண்டு, மூட்டு வலிக்கு உண்டு. நானும் விலக்கு எடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தப் பின்புறத்து அறையில் நானும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "பசிக்குது, வாங்க" என்று சொல்லியிருந்தால், என்னைச் சாக்காக வைத்து அவர் இரண்டு வாய் தின்றிருப்பார். அவர் கூச்சத்துக்கு நான் கதவைச் சாத்திக் கொடுத்தேன். உள்ளே வந்து உட்கார எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தார். நடக்கிறார், தூங்குகிறார், தொழுகைப் பாயைப் பார்த்தால் நிற்கிறார், நடுவில் எத்தனையாவது ரக்அத்து என்று தெரியாமல் அழுகிறார். என்னை ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் இறந்துபோன தன் அக்கா என்று நினைத்து, லாத்தா என்று கூப்பிடுகிறார். மாத்திரை போடுகிற முறையும் போய்விட்டது. தலையைத் தூக்குவதும் இல்லை, குனிவதும் இல்லை. கொடுத்தால் மெல்லுகிறார். கசந்தால் துப்புகிறார். காப்ஸ்யூலைக் கடித்துவிட்டு உள்ளே இருந்த தூள் உதட்டில் ஒட்ட என்னைப் பார்க்கிறார். இப்போது அவருக்குப் பச்சை மாத்திரை இல்லை, அதை நிறுத்திவிட்டார்கள். மற்றவற்றில் எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று நானே டாக்டரிடம் கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் கேட்டேன். இந்த வாய் இரண்டு வருஷம் முன்பு திறக்கவில்லை. பொடிக்கலாம் என்று சொன்னதைக் கரண்டி முதுகால் பொடித்து ஞாலிப்பூவன் வாழைப்பழத்தில் பிசைந்து கொடுக்கிறேன்.

இந்த வருஷ நோன்பில் நான் விலக்கு எடுத்துக்கொண்டேன். பகலில் மாத்திரை கொடுத்ததும் இரண்டு தட்டு வைத்து, அவர் எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். முதல் நாள் நான்தான் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மளமளவென்று தின்றார். மீனும் பொரிக்கிறேன். மணம் போனால் போகட்டும்.

போன வாரம் நான் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை. தட்டோடு வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சந்தில் வெயில் வெறித்துக் கிடந்தது. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு நான்கைந்து ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் நோன்புக்காரர்கள், இவரோடு கொச்சங்காடியில் வியாபாரம் செய்தவர்கள்.

"வாங்க, வாங்க, சோறு தின்னலாம்" என்று உரக்கக் கூப்பிட்டார் இவர். வாயில் உருண்டை இருந்தது.

அவர்கள் ஒருவரும் நிற்கவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவும் இல்லை. கடைசியாக வந்தவர் மட்டும் நின்று, "நிங்ஙள் கழிச்சோளு இக்கா, எங்களுக்கு வயிறு நிறைஞ்ஞிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குனிந்தபடி போனார். அவர் கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது.

நான் இவர் தோளைத் தொட்டேன். "உள்ளே வாங்க. உள்ளே இருந்து சாப்பிடலாம்."

"எதுக்கு உள்ளே?" என்றார். என்னை நன்றாகத் தெரிந்த முகம் அப்போது. "நான் என்ன களவாண்டா தின்றேன்?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வார்த்தையை அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால், தனக்குத்தானே மெல்லச் சொல்லியிருந்தால் கூடப் போதும். இப்போது சொல்கிறார், இதைச் சொல்லக் கூசுகிற மனிதர்தான் இல்லை. அந்த மனிதருக்கு நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அந்தக் கூச்சம் ஒரு நிமிஷம் இவர் முகத்தில் திரும்ப வராதா, தட்டை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடிவரமாட்டாரா என்று நின்று பார்த்தேன். அவர் மீனைத் தோலோடு பிய்த்துக்கொண்டிருந்தார்.

நானும் படியில் உட்கார்ந்தேன். சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் தட்டில் இருந்த மீனை வாங்கி, முள் எடுத்துக் கொடுத்தேன்.